கார்டைப் பிடுங்கினால் சத்தம் போச்சு

2018 மார்ச்சில் நானும் என் மனைவியும் நியூகாசிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வருஷம் இங்கிலாந்து முழுக்க ஒரே பனி. "வெளியே நடக்கப் போகாதீங்கப்பா, வழுக்கிடும்" என்று மகள் தடை போட்டுவிட்டாள். ரேஸ் கோர்ஸ் மைதானத்தை நாலு சுற்று சுற்றாமல் காபி இறங்காத எனக்கு அது பெரிய தண்டனை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அடுக்களைச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். அடித்தொண்டையில் 'ஊம்' என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல வாயைத் திறப்பது போல 'ஆ'வென்று விரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. முப்பத்தேழு வருஷம் டெலிபோன் இலாகாவில் குப்பை கொட்டியவன் நான். ஏதோ லைன் ஃபால்ட் என்றுதான் முதலில் தோன்றியது. மாப்பிள்ளை சிரித்தார். "அது பக்கத்து வீட்டுப் பெரியவர், மாமா. கராஜில் ஒரு மெஷின் வெச்சிருக்கார். வாங்க, அறிமுகம் செய்து வைக்கிறேன்."

அந்தப் பெரியவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மனைவி இல்லை. கராஜில் காருக்குப் பதில் ஒரு மேஜை, அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. பெட்டி முழுக்கத் திருகுகள். அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாக ஜாக் துவாரங்கள். அவற்றிலிருந்து சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கார்டுகள் தொங்குகின்றன. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. எங்கள் எக்ஸ்சேஞ்சின் ட்ரங்க் போர்டைப் பாதி அளவுக்குச் சுருக்கி அந்த மேஜை மேல் வைத்தது போல இருந்தது.

"இதுதான் மாடுலர் சிந்தசைசர்" என்றார். 1970-களின் கடைசியில் வந்த ஜப்பான் தயாரிப்பு.

கீபோர்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்யாணக் கச்சேரியில் ஸ்டாண்டில் வைத்து வாசிப்பார்களே, அதுதான். பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் வயலின். இது அப்படி இல்லை. இதனுள் எந்த வாத்தியமும் கிடையாது. ஒரு பகுதி வெறுமனே அலையை உண்டாக்கும், அது ஆசிலேட்டர். இன்னொன்று அந்த அலையில் கூர்மையான பகுதியைச் செதுக்கி எடுக்கும், அது ஃபில்டர். மூன்றாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். நான்காவது, சத்தம் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று உத்தரவு போடும். எதை எதோடு இணைப்பது என்பதைக் கார்டை எடுத்து நாமே குத்தி முடிவு செய்ய வேண்டும். கார்டு குத்தாவிட்டால் பெட்டி ஊமை.

அவர் ஒரு கார்டை மாற்றிக் குத்தி, ஒரு திருகைத் திருகி, ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். அடியிலிருந்து வழுக்கிக்கொண்டே மேலே ஏறிப் போனது ஒரு சத்தம். எனக்குச் சொரேல் என்றது. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

1974-இல் ஜபல்பூர் டெலிகாம் பயிற்சி நிலையத்தில் நான் பயிற்சியில் இருந்தேன். அறைத் தோழன் ஷில்லாங்காரன். அவனிடம் ஒரு பழைய ரெக்கார்டு ப்ளேயர் இருந்தது. ராக் என்றால் உயிரை விடுவான். நானோ சினிமாப் பாட்டும் கோயில் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்தவன். அவன் போடும் ரெக்கார்டெல்லாம் எனக்கு இரைச்சல். ஒரு ராத்திரி 'லக்கி மேன்' என்ற பாட்டைப் போட்டான். கிதாரோடு சாதுவாக ஆரம்பித்த பாட்டு. கடைசியில் என்னவோ ஒன்று உள்ளே நுழைந்தது. குழலும் இல்லை, குரலும் இல்லை. ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல், ஜாரு போல வழுக்கிப் போகிறது. "ரெக்கார்டு வளைஞ்சு போச்சா?" என்று கேட்டேன். "மடையா, அதுதான் மோக்" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை.

மீதிக் கதையை நாற்பத்து நாலு வருஷம் கழித்து அந்தக் கராஜில்தான் தெரிந்துகொண்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ராபர்ட் மோக் நியூயார்க்காரர். சிறு வயதில் அப்பாவோடு சேர்ந்து தெரமின் என்ற மின்னணு வாத்தியத்தைச் செய்து பார்த்தவர். 1964-இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து தன் முதல் சிந்தசைசர் பகுதிகளை உருவாக்கினார். ஏறக்குறைய அதே சமயத்தில் சான்பிரான்சிஸ்கோவில் டான் புக்லா என்பவர் தனியாக இன்னொரு வழியில் அதையே செய்துகொண்டிருந்தார். 1968-இல் வெண்டி கார்லோஸ் மோக் இயந்திரத்தில் பாக்கின் இசையை வாசித்து ஒரு ரெக்கார்டு வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த இயந்திரத்தில் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஒவ்வொரு வரிசையாகத் தனித்தனியே பதிவு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித்தான் முழு இசையையும் கட்டினார்.

ராக் குழுக்கள் சும்மா இருக்குமா? 1969-இல் பீட்டில்ஸ் 'ஆபி ரோடு' ரெக்கார்டுக்கு, ஜார்ஜ் ஹாரிசன் வாங்கிய மோக்கை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார்கள். 1971-இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் ஓர் ஆர்கன் வாத்தியத்தின் சத்தத்தை லண்டன் சிந்தசைசர் ஒன்றின் வழியே செலுத்தி, துடிக்கும் ஒரு சத்தமாக மாற்றினார். இந்த டவுன்சென்ட் நம் அகமத்நகர் மெஹர் பாபாவின் பக்தர். ஒரு பாட்டின் தலைப்பிலேயே 'பாபா' என்று வைத்தவர். 1973-இல் பிங்க் ஃப்ளாய்ட் எட்டே எட்டு ஸ்வரங்களை சிந்தசைசரில் ஏற்றி, அதை அசுர வேகத்தில் சுழலவிட்டு, 'ஆன் தி ரன்' என்று ஒரு முழு உருப்படியே செய்துவிட்டார்கள்.

என் 'லக்கி மேன்' எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் பாட்டு. கிரெக் லேக் பன்னிரண்டு வயதில் எழுதியது. 1970-இல் அவர்களுடைய முதல் ரெக்கார்டுக்கு ஒரு பாட்டு குறைந்ததால் அதைச் சேர்த்தார்கள். கீத் எமர்சன் கடைசிப் பகுதியில் மோக்கில் சும்மா வாசித்துப் பார்த்தார். ஒத்திகை என்று அவர் நினைத்த அதையே மற்றவர்கள் போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

"நான் அவரை நேரில் பார்த்தேன். 1971 மார்ச், இதே ஊர் சிட்டி ஹால்" என்றார் பெரியவர். அன்றைய கச்சேரிதான் பிறகு 'பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்' என்று ரெக்கார்டாக வந்தது. "மேடையில் பீரோ மாதிரி ஒரு பெட்டி. விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டு, கார்டெல்லாம் தொங்கிக்கொண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. பஸ் எஞ்சினைப் பிரித்துப் போட்டவனுக்கு அதைப் பார்த்ததும் ஒன்றுதான் தோன்றியது. உள்ளே என்ன நடக்கிறது என்று இந்த மனுஷன் எல்லாருக்கும் காட்டுகிறான்!"

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் வந்து இறங்கியது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் வந்து அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சில இந்தியர்கள் அதில் இசை அமைத்து டேப்பில் பதிந்தார்கள். அந்த டேப்புகள் பல காலம் அலமாரியில் கிடந்து, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. ஜபல்பூரில் நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்ட வாத்தியம் அதற்கு ஐந்து வருஷம் முன்பே அகமதாபாத்தில் இருந்திருக்கிறது!

பெரியவரின் பெட்டியில் ஒரு கோளாறு இருந்தது. ஓர் ஆசிலேட்டரின் ஜாக்கில் கார்டைத் தொட்டாலே கரகரவென்று சத்தம். "கழற்றிக் காட்டுங்கள்" என்றேன். பின்பக்கம் ட்ரை ஜாயின்ட். நாற்பது வருஷமாகக் கார்டைக் குத்திக் குத்தி எடுத்தால் எந்த ஈயம் தாங்கும்? சோல்டரிங் அயர்ன் அவரிடம் இருந்தது. பிடிக்கத்தான் அவரால் முடியவில்லை. கை நடுக்கம். அப்போதுதான் கவனித்தேன். கார்டை ஜாக்கில் குத்தவும் அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கிறார். "எமர்சனுக்கும் பின்னாளில் வலது கையில் நரம்புக் கோளாறு வந்தது" என்று தானே சொல்லிச் சிரித்தார். எமர்சன் காலமாகி அப்போது இரண்டு வருஷம்.

ஜாயின்ட்டை உருக்கிப் புது ஈயம் வைத்தேன். மற்ற ஜாக்குகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஏழு வருஷம் கழித்து என் கைக்கு வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கராஜ்தான்.

போனதும் முதல் அரை மணி நேரம் ஒன்றும் வாசிக்க மாட்டார். சுவிட்சைப் போட்டுவிட்டு டீ. பெட்டி சூடேற வேண்டும். இதன் காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. இந்த இயந்திரங்களில் ஸ்வரத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள். ஆக ஒரு ஸ்தானத்துக்கு 83 மில்லிவோல்ட்தான். டிரான்சிஸ்டரோ வெப்பத்தை உணரும் ஜாதி. ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் அதனுள் நகரும். அதை ஈடுகட்ட வடிவமைப்பாளர்கள் பல உபாயங்கள் செய்தார்கள். முழுக்க அடக்க முடியவில்லை. மேடை விளக்கின் சூட்டில் எமர்சன் கச்சேரி நடுவிலேயே சுருதி சேர்க்க வேண்டியிருக்குமாம். ஜெர்மனியின் டாங்கரின் டிரீம் குழு 1973-இல் 'ஃபீட்ரா' பதிவு செய்தபோது, இயந்திரம் சூடேறி சுருதி நழுவியதும் ரெக்கார்டில் அப்படியே பதிந்திருக்கிறது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

ஏன் குறையில்லை? தம்புரா கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் இரண்டு தந்திகளும் ஒரே ஸ்வரம்தான். ஆனால் மயிரிழை வித்தியாசம் இருந்தால் அந்த ரீங்காரம் லேசாக அசைகிறது. இரண்டு ஆசிலேட்டரை ஒரே ஸ்வரத்துக்கு வைத்தாலும் அவை மயிரிழை விலகி, சேர்ந்து, விலகி ஓடுகின்றன. சத்தம் மூச்சு விடுவது போல இருக்கிறது.

ஒரு நாள் என் மனைவி டீ ஃப்ளாஸ்க்கோடு கராஜுக்கு வந்தாள். அவளும் எங்கள் எக்ஸ்சேஞ்சில்தான் வேலை பார்த்தவள், ட்ரங்க் ஆபரேட்டர். உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, இது நம்ம போர்டு மாதிரில இருக்கு!"

பெரியவர் அவளிடம் ஒரு கார்டை நீட்டி, காலியாக இருந்த ஜாக்கைக் காட்டினார். அவள் அதை வாங்கி, குத்துவதற்கு முன் ப்ளக்கின் நுனியால் ஜாக்கின் விளிம்பை லேசாகத் தட்டினாள். பெட்டி 'டிக்' என்றது. பிறகுதான் குத்தினாள். "எதற்கு அந்தத் தட்டல்?" என்று பெரியவர் கேட்டார். அவளுக்கே தெரியவில்லை, கை தானாகச் செய்திருக்கிறது. நான்தான் விளக்கினேன். ட்ரங்க் போர்டில் அப்படித் தட்டும்போது ஹெட்செட்டில் 'டிக்' கேட்டால் லைனில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் குத்தலாம். மோக்கின் இயந்திரத்தில் இருக்கும் கால் அங்குல ஜாக்குக்குப் பூர்வீகமே டெலிபோன் போர்டுதான். இந்தப் பெட்டியில் இருப்பது அதற்குத் தம்பி.

சூடேறாத ஆசிலேட்டர் நழுவுவதை அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "குளிருதுல்ல அதுக்கு? நம்ம ராமேஸ்வரம் லைனும் இப்படித்தான். சத்தத்தை வெச்சே மண்டபம் பக்கம் மழைன்னு சொல்லிருவேன்."

எனக்கு அது புதுச் செய்தி. கம்பத்துக் கம்பியில் ஈரம் ஏறினால் கசிவு கூடும், இரைச்சல் ஏறும். பாடமாகப் படித்திருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டே மழையைச் சொல்லும் காது என் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாது.

பெரியவர் அந்தப் பெட்டியை வாங்கிய கதையும் அன்றுதான் வந்தது. 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. டிஜிட்டல். சுருதி நழுவாது, சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், பொத்தானை அழுத்தினால் நேற்றைய சத்தம் அப்படியே வரும். வாசிப்பவர்கள் எல்லாரும் கார்டுப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு அதற்கு ஓடினார்கள். தள்ளிவிட்ட ஒன்றை இவர் கிடைத்த விலைக்கு வாங்கினார்.

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஏனென்றால் எங்கள் போர்டைக் கழற்றிய குழுவில் நானும் ஒருவன். எண்பதுகளின் கடைசியில் எஸ்.டி.டி. பெருகி, மேனுவல் போர்டு ஒவ்வொரு பொசிஷனாக மூடப்பட்டது. கார்டுகளைக் கத்தையாக வெட்டி மூட்டை கட்டியவன் நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை. ஒரு சாவுச் செய்தி சொல்ல அரை நாள் காத்துக் கிடந்த ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு நேராகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் மழைக்கும் வெயிலுக்கும் வேலை இல்லை.

ஆனால் இசை அப்படி இல்லையே. அன்றைய குளிர், அந்த அறை, அந்தக் கையின் நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் அது அன்றைய சத்தம். இந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தியே கிடையாது. கார்டைப் பிடுங்கினால் சத்தம் போச்சு. அதனால் வாசிப்பவர் கவனித்தே ஆக வேண்டும். பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இளவட்டங்கள் இன்றைக்கு மறுபடி இதைத் தேடி வாங்குகிறார்கள், புதிதாகவும் செய்கிறார்கள் என்றால், வெறும் பழமை மோகம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெரியவர் விஷயத்தைச் சொன்னார். வீட்டை விற்றுவிட்டு மகன் இருக்கும் ஊரில் சின்ன ஃப்ளாட்டுக்குப் போகிறார். பெட்டியை யாரோ ஒரு பெண் வாங்கிக்கொள்கிறாள்; ஏதோ குழுவில் வாசிப்பவளாம். எடுத்துப் போக மறுநாள் வருகிறாள்.

கடைசி சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு சத்தம் செய்தோம். எங்கே குத்துவது என்று அவர் சொன்னார், என் மனைவி குத்தினாள், திருகுகளை நான் திருகினேன். அடியில் தம்புரா மாதிரி ஒன்று. அதன் மேல் வழுக்கி ஏறும் இன்னொன்று. ஒரு மணி நேரம் அதை அப்படியே ஓடவிட்டுக் கேட்டோம். யாரும் பேசவில்லை.

"பதிவு செய்யலாமா?" என்று போனை எடுத்தேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெட்டியின் முகப்பு அப்படியே அச்சிட்ட தாள். எந்தத் திருகு எங்கே நிற்கிறது, எந்தக் கார்டு எங்கிருந்து எங்கே போகிறது என்று அந்தக் காலத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வார்களாம். அவர் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். "இதை வைத்து மறுபடி செய்தால் கிட்டத்தட்ட வரும். இதே சத்தம் வராது" என்றார். பிறகு கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சத்தம் படிப்படியாக மெலிந்து, கடைசிக் கார்டோடு நின்றது. கராஜில் ஹீட்டர் ஓடும் ஓசை மட்டும்.

வீட்டுக்குத் திரும்ப இருபது அடி தூரம். பாதி வழியில் அவளிடம் கேட்டேன். முப்பது வருஷம் கேட்காத கேள்வி. "போர்டைக் கழற்றின அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?"

"கட் ஓவர் முடிஞ்சதும் நீங்க எல்லாம் லட்டு குடுத்தீங்க. நானும் சாப்பிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். நாலு எட்டு வைத்த பிறகு, "ஹெட்செட்டைக் கழட்டி வெச்சப்ப காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வாரம் இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு" என்றாள்.

அந்தத் தாள் இப்போது எங்கள் பீரோவில், அவளுடைய சர்வீஸ் புத்தகம் இருக்கும் அதே கவரில் இருக்கிறது.

ட்ரங்க் போர்டில் வேலை பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், லைன் சத்தத்தை வைத்து மழையைச் சொல்வது உங்களுக்கும் தெரியுமா என்று எழுதுங்கள். வீட்டில் ஆபரேட்டர் இருந்தவர்கள், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.